முத்தையாவின் இருபது நிமிடம்

என் அன்புத் தம்பி முத்தையாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போனது. போய்ச் சேர்ந்தவர்களிடம் அதைக் கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. இங்கே நான் நலமாக இல்லை. காலையிலிருந்து மூன்று முறை ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கைகளை வெட்டி வைத்துவிட்டு, வலது கை எங்கே என்று மேசைக்கு அடியில் தேடினேன்.

சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அன்றைக்குச் சங்க மண்டபத்தில், நாடகம் தொடங்கும் முன், எனக்கு மாலை போடப் போகிறார்கள். எதற்கு என்று உன்னிடம் சொல்லத்தான் வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. கொஞ்சம் ஊர்ச்சேதி பேசிவிட்டு அதற்கு வருகிறேன், பொறுத்துக்கொள்.

மலாக்கா மாறிவிட்டது தம்பி. ஊரடங்கை எடுத்த பிறகு சனி, ஞாயிறு வந்தால் டவுனில் கால் வைக்க இடமில்லை. கடலோரப் பூங்காவில் ஒரு பக்கம் மலாய்க்காரர்களின் ஜோகெட் ஆட்டம், இன்னொரு பக்கம் சீனர்களின் கூத்து, நடுவில் குத்துச்சண்டை. படக் கொட்டகையில் ஒரே நாளில் நான்கு காட்சி ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாடாங் திடலில் போலீஸ் பேண்டு வாசிக்கிறது. அவர்களைக் கண்டாலே ஒதுங்கிப் போன நம் ஆட்கள், இப்போது பிள்ளைகளைத் தோளில் ஏற்றி வைத்துக் காட்டுகிறார்கள். இவ்வளவு போட்டியிலும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு எங்கள் நாடகத்துக்கு மண்டபம் நிரம்பிவிடுகிறது. தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்து வருகிறார்கள். முடிகிறவரை உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது அவர்களைப் பாதியில் வந்து கூப்பிட யாரும் இல்லை.

இந்தக் கடிதம் பத்திரிகைக்கும் போகப் போகிறது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்லுவேன். சலித்துக்கொள்ளாதே.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நம் பக்கத்தை நெருக்கிப் பிடித்திருந்த நாட்கள் அவை. நீ புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டினாய். நான் டவுனில் தையற்கடை வைத்துக்கொண்டு மீதி நேரத்தில் நாடகம் எழுதினேன். என்னிடம் துணி கொடுத்து மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால், நாடகம் எழுதிய மீதி நேரத்தில்தான் தைத்தேன் என்பார்கள். சனிக்கிழமை ரப்பர்ப் பால் நிறுத்துக் குளித்துச் சாப்பிட்ட கையோடு முப்பது பேரை லோரியில் ஏற்றிக்கொண்டு வருவாய். தோட்டத்துத் தொரையிடம் அனுமதிச் சீட்டு, ஆளுக்கொரு அடையாளக் கார்டு, வழியில் இரண்டு சோதனை. அத்தனையையும் தாண்டி வருகிற கூட்டம். ஆனால் தோட்டத்துக் கேட்டு ஆறு மணிக்கு மூடிவிடும். அதற்குள் எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும்.

என் நாடகமோ நாலு ஐம்பதுக்கு முடியும். நீ நாலரைக்கு மண்டபத்துக்குள் வந்து கை தட்டுவாய்.

"லோரி கெளம்புது! ஏறுங்க, ஏறுங்க! அக்கா, பிள்ளைய தூக்கிக்க!"

மேடையில் பிரிந்து போன அண்ணன், பிச்சைக்காரனாகத் தங்கை வீட்டு வாசலில் வந்து நிற்பான். தங்கை அடையாளம் தெரியாமல் அரிசி போட வருவாள். அந்த நேரத்தில் உன் கைதட்டல். முப்பது பேரும் எழுந்து முதுகைக் காட்டிக்கொண்டு போவார்கள். அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு தங்கை வேஷக்காரன் என்னைப் பார்ப்பான். நான் யாரைப் பார்ப்பது? டவுன்காரர்கள் கடைசிவரை இருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் நாளைக்குப் படத்துக்கும் போவார்கள். உன் ஆட்களுக்கு வாரத்தில் இது ஒன்றுதான். அவர்கள் அழவேண்டும் என்றுதான் அந்தக் காட்சியை எழுதினேன்.

"இருபது நிமிஷம் பொறுக்கக் கூடாதா முத்தையா?" என்று எத்தனை முறை உன்னிடம் சண்டை போட்டிருப்பேன்.

"கேட்டுல நிக்கிற போலீஸ்காரன் உங்க நாடகத்தப் பாத்தவன் இல்லண்ணே. ஆறுன்னா ஆறுதான்."

"கொஞ்சம் வேகமா ஓட்டேன்."

"நீங்க கொஞ்சம் வேகமா எழுதுங்களேன்" என்றாய். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் என் காதில் கிடந்தது. எனக்கு ரோஷம் அதிகம், உனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை அதைச் செய்தேன். பாதி நாடகத்தில் இடைவேளை விட்டோம். எல்லாரும் வெளியே கலர் குடிக்கப் போனார்கள். மண்டபத்தில் யாருமில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து, முள்ளை இருபது நிமிடம் பின்னால் தள்ளி வைத்தேன். உன் ஆட்களில் யாரிடமும் கைக்கடிகாரம் கிடையாது. உன்னிடம் இருந்தது. அது என் நினைவிலேயே வரவில்லை. வந்திருந்தாலும் செய்திருப்பேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

நாலரைக்கு நீ உள்ளே வந்தாய். திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தாய். கையைப் பார்த்தாய். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டாய். இப்போது தட்டப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நீ தட்டவில்லை. பின்சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாய். அண்ணனின் கையிலிருந்த தழும்பைப் பார்த்துத் தங்கை அவனை அடையாளம் கண்டுகொண்டபோது மண்டபமே அழுதது. நீ துண்டால் முகத்தைத் துடைத்ததையும் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லோரி போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறி முள்ளைச் சரியாக வைத்துவிட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விட்ட நேரத்தைப் பிடிக்க நீ வேகமாக ஓட்டினாய். இன்ஜின் சூடேறிவிட்டது. காட்டோரம் லோரியை நிறுத்தி, டின்னை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கச் சரிவில் இறங்கிப் போனாய். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டாய். கேட்டுக்குப் போய்ச் சேரும்போது ஆறு பத்து. முப்பது பேரையும் ரோட்டோரம் குந்த வைத்தார்கள். பெண்கள், பிள்ளைகள் என்று பாராமல் மறுநாள் காலையில்தான் உள்ளே விட்டார்கள். உன்னை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என் கடைக்கு ஒரு இன்ஸ்பெக்டரும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் வந்தார்கள். கேட்டது ஒரே கேள்வி.

"நேத்து லோரி எத்தன மணிக்குக் கெளம்புச்சு?"

"நாலரைக்கு" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"மண்டபத்துக் கடிகாரத்துல பாத்தேன்."

அவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பொய்யே சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிகாரத்தில் நாலரைதானே இருந்தது? நாடகத்துக்குக் கொடுத்த பெர்மிட் போய்விடும், என்னையும் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயம். அந்தப் பயம் பொய்யில்லை. எத்தனையோ பேரை எதற்கென்றே சொல்லாமல் கொண்டுபோன காலம். ஆனால் நான் பயந்ததற்கு உன்னைக் கொடுத்துவிட்டேன்.

முப்பது பேரும் நாலரை என்றே சொன்னார்கள். பாவம், அவர்கள் நம்பியதைச் சொன்னார்கள். நீ ஒருவன்தான் நாலு ஐம்பது என்றாயாம். நாலரைக்குக் கிளம்பிய லோரிக்கு ஒன்றேகால் மணி நேர வழி. தண்ணீர் பிடித்த ஐந்து நிமிடம் போக, மிச்சம் இருபது நிமிடம் எங்கே போனது? டின்னோடு சரிவில் இறங்கினவன் காட்டுக்குள் யாரைப் பார்த்தான், என்ன கொடுத்தான்? இதைத்தான் உன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் நீ, "என் வாட்சு தப்பா இருக்கும்லா" என்று சொல்லிவிட்டாயாம்.

இரண்டு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது லோரி இல்லை, தோட்டத்தில் வேலையும் இல்லை. ஒரு பெயர் மட்டும் காத்திருந்தது. இருபது நிமிஷம் முத்தையா. அவனால்தான் ரோட்டோரம் குந்தினோம் என்று, உன் லோரியில் சனிக்கிழமைதோறும் சிரித்துக்கொண்டு வந்தவர்கள்தான் அந்தப் பெயரை வைத்தார்கள்.

வெளியே வந்த வாரமே நீ என் கடைக்கு வந்தாய், நினைவிருக்கிறதா? இரண்டு கால்சட்டைகளை மேசையில் போட்டு, "இடுப்பு புடிச்சுக் குடுங்கண்ணே" என்றாய். அளவெடுத்தேன். நான்கு அங்குலம் குறைந்திருந்தது. நம்பாமல் இன்னொரு முறை எடுத்தேன். நீ குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்பாய் என்று பயந்தேன். நீ கேட்டதோ நாடகத்தைப் பற்றி.

"அண்ணே, அந்தக் கடைசிச் சீன எடுத்து மொதல்ல போட்டுருங்களேன். வந்து உக்காந்ததும் பாத்துறட்டும். அப்புறம் எந்த டிரைவர் எப்பக் கூப்புட்டா என்ன? கடிகாரத்தோட மல்லுக்கட்ட வேணாம் பாருங்க."

கடிகாரம் என்றாயே முத்தையா. தெரிந்து சொன்னாயா, சும்மா சொன்னாயா? இத்தனை வருஷம் அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அப்போதே உன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாருமில்லை. "நல்ல யோசனைதான்" என்று சொல்லிவிட்டுக் கால்சட்டையை மடித்தேன்.

உன் யோசனையை அடுத்த மாதமே செய்தேன். திரை தூக்கியதும் முடிவு. அண்ணனும் தங்கையும் கட்டிப் பிடித்து அழுவார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் எப்படிப் பிரிந்தார்கள் என்ற கதை தொடங்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். தோட்டத்து ஜனங்களுக்கு அது பிடித்துவிட்டது. "யாரு சேருவாங்கன்னு தெரிஞ்சுட்டா நிம்மதியா பாக்கலாம்" என்றார் கன்னியம்மா அக்கா, உன் லோரியில் எப்போதும் முன்னால் இடம் பிடிப்பாரே, அவர்தான். புது டிரைவர் நாலரைக்கு வந்து கை தட்டினால் ஒருவர் முகமும் வாடாது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் லோரிகள் வந்தன. யோசனை யாருடையது என்று எல்லாரும் கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே சும்மா இருந்தேன்.

அந்தச் சிரிப்புக்குத்தான் மாலை. ஊரடங்கு காலத்தில் தோட்ட மக்களுக்காக முடிவையே முன்னால் கொண்டுவந்த கலைஞனாம் நான். சங்கத்தார் நோட்டீஸில் அப்படித்தான் அடித்திருக்கிறார்கள். நோட்டீஸைக் கிழித்துப் போடலாம் என்று கடைக்கு வெளியே மூன்று தரம் போனேன். மூன்று தரமும் திரும்பி வந்துவிட்டேன்.

நீ உம்பாய்ப் பக்கம் போய் மீன் கூடை தூக்கினாய். அங்கேயும் அந்தப் பெயர் உனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது என்று கேள்வி. நெஞ்சு வலி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. சேதி கேட்டு வந்தேன். வாசலில் நின்றேன். உன் மனைவி அஞ்சலை என்னைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். சாவு வீட்டில் நேரம் பார்த்தவன் நான்.

போன சனிக்கிழமை அஞ்சலை நாடகம் பார்க்க வந்தாள். தனியாகத்தான் வந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். "இருபது நிமிஷம் பொண்டாட்டி" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது திரைக்குப் பின்னால் நின்ற எனக்கே கேட்டது. அவளுக்குக் கேட்காமல் இருக்குமா? அவள் மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாடகம் முடிந்து கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடிப் போய் அவளை வாசற்படியில் பிடித்தேன்.

"அஞ்சலை, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்தக் கடிகாரம்..."

"தெரியும்ண்ணே" என்றாள்.

அவள் குரலை உயர்த்தாமல், பஸ் நிற்கிறதா என்று ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"உள்ளேருந்து வந்த அன்னிக்கே சொன்னாரு. மண்டபத்துக் கடிகாரம் இருபது நிமிஷம் பின்னாடி இருந்துச்சு புள்ள, அண்ணன்தான் மாத்தி வச்சிருப்பாருன்னாரு. பாத்ததும் தெரிஞ்சுருச்சாம். ஆனா சனமெல்லாம் அழுதுகிட்டு இருக்கு, தட்டி எழுப்ப மனசு வரலன்னாரு. ஓட்டிப் புடிச்சிரலாம்னு நெனச்சாராம்."

"அப்புறம் ஏன் போலீஸ்ல சொல்லல?"

"சொன்னா உங்களப் புடிப்பாங்க. பெர்மிட்டையும் புடுங்கிருவாங்க. சனிக்கிழமைன்னு ஒண்ணு இருக்கப் போயித்தான் மத்த ஆறு நாளும் பால்மரம் வெட்ட முடியுது, அதையும் நான் கெடுக்கணுமான்னாரு."

நான் அழுதுவிட்டேன் முத்தையா. வாசற்படியில், எல்லார் முன்னாலும். என்னை மன்னித்துவிடு என்று அவளிடம் கை கூப்பினேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"எங்கிட்ட சொல்லி என்னண்ணே ஆவும்? எனக்குத்தான் அப்பவே தெரியுமே. அவங்ககிட்ட சொல்லுங்க" என்று படியிறங்கிப் போகிறவர்களைக் கையால் காட்டினாள். "நீங்க வந்து சொல்லுவீங்கன்னு அவரு ஒவ்வொரு சனிக்கிழமையும் எதிர்பாத்தாரு. மேடையில சொல்லிருவாரு, அண்ணன் ரோஷக்காரருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. சாவுற வாரம்கூட டவுனுலேருந்து வந்தவன்கிட்ட கேட்டாரு, நாடகத்துல அண்ணன் ஏதாச்சும் பேசுனாரான்னு."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். எனக்கு அன்றிலிருந்து உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. நீ என்னைத் திட்டியிருக்கலாமே. ஊரெல்லாம் சொல்லியிருக்கலாமே. ரோஷக்காரன் என்று எதை வைத்து நம்பினாய்?

மூன்று நாட்களாகத் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம். ஜோகூரில் அக்கா வீடு இருக்கிறது. மாலையை வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் சொல்லலாம். இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போட்டுவிட்டால் நேரில் சொல்லத் தேவையே இல்லை என்றும் தோன்றியது. அதனால்தான் இதைச் சனிக்கிழமைக்கு முன் அனுப்பமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் எழுத ஆசை. போகவில்லை. அவசரகாலச் சட்டம் இன்னும் இருக்கிறது, போலீஸ் மறுபடி கடைக்கு வரலாம். ரோட்டோரம் குந்த வைக்கப்பட்ட முப்பது பேரில் பாதிப் பேராவது அன்றைக்கு முன்வரிசையில் இருப்பார்கள். கன்னியம்மா அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? இனி ஒருவரும் என் நாடகத்துக்கு வராமலே போகலாம். அதுதான் எனக்குப் பெரிய பயம், பார்த்தாயா, இன்னும் அதுதான்.

ஆனாலும் போவேன். அஞ்சலைக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன், முன்வரிசையில் நடு நாற்காலி அவளுக்கு. மாலையோடு வருகிறவரைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மைக்கை வாங்குவேன். வணக்கம்கூடச் சொல்லமாட்டேன், சொன்னால் வசனம் பேச ஆரம்பித்துவிடுவேன். போலீஸ்காரன் கேட்ட அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லுவேன்: "முத்தையா லோரி நாலு அம்பதுக்குத்தான் கெளம்புச்சு. கடிகாரத்தத் திருப்பி வச்சது நான்."

இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

நீ அண்ணே என்று கூப்பிட்ட,
செல்வராசு